மைண்ட்ஃபுல்னெஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

மதுரையில் மனச்சோர்வுக்கு வைத்தியம் எடுத்துக்கொள்ளும் சித்திக்குத் துணையாகப் போயிருந்தேன். ‘மனநிறைவுச் சிகிச்சை’ என்று ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். வாசித்துவிட்டு, “அது இருந்தா நான் ஏன்டா இங்கன வந்து உக்காந்திருக்கேன்?” என்றார் சித்தி.

மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதைக் கவனத்தோடு உணர்ந்திருப்பது; அதைத்தான் அப்படிப் போட்டிருந்தார்கள். மைண்ட் என்றால் மனம், ஃபுல் என்றால் நிறைவு என்று கூட்டிப்போட்ட சொல் அது. ‘நினைவாற்றல்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு; அது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது. ‘விழிப்புணர்வு’ என்றாலோ டெங்குப் பேரணிதான் ஞாபகம் வருகிறது.

மூலச்சொல் பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் ‘சதி’, வடமொழியில் ‘ஸ்மிருதி’. நினைவு, மறவாமை என்று பொருள். 1881-இல் பாலி அறிஞர் ரைஸ் டேவிட்ஸ் அதை மைண்ட்ஃபுல்னெஸ் என்று ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1979-இல் ஜான் கபட்-ஜின் அமெரிக்காவில் அதை மருத்துவமனைப் பயிற்சியாக்கினார். பின்னர் சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள் மூவரும் எண்ணங்களைக் கையாளும் அறிவாற்றல் சிகிச்சையோடு அதைச் சேர்த்து 8 வார வகுப்பு அமைத்தார்கள். விட்டுவிட்டு வரும் மனச்சோர்வு திரும்பாமலிருக்கத்தான் முதலில் அது. 2 மருந்துகளைப் போதிய அளவில், போதிய நாள் கொடுத்தும் குணம் தெரியாதவர்களுக்கும் பிறகு கொடுத்துப் பார்த்தார்கள். இந்த நிலையைத் ‘தீராத மனச்சோர்வு’ என்று எழுதுவது கொடுமை. ‘எளிதில் மட்டுப்படாத’ என்றால் போதும்.

சித்தி சேர்ந்ததும் அந்த வகுப்பில்தான். முதல் நாள் ஆளுக்கு ஒரே ஒரு உலர்திராட்சை கொடுத்து, நிதானமாகக் கவனிக்கச் சொன்னார்கள். சித்தி அதை உள்ளங்கையில் உருட்டி, சுருக்கங்களைத் தடவி, மோந்து பார்த்தார். “பாயசத்துல எத்தனை அள்ளிப் போட்டிருப்பேன்! இத்துனூண்டு காம்பு இருக்கிறதை இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

தமிழில் இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு. ஆலவாய் இறைவனே செய்ததாக மரபு சொல்லும் காதல் இலக்கண நூலான இறையனார் களவியலின் உரை, ‘கடைப்பிடி’ என்பதற்குக் ‘கொண்ட பொருள் மறவாமை’ என்று விளக்கம் தருகிறது. பாலிச் சொல்லான ‘சதி’க்கு அவ்வளவு பொருத்தம். ஆனால் இன்று கடைப்பிடி என்றால் சாலை விதிதான்.

எனவே என் ஓட்டு ‘நினைவு’க்கே. ஞாபகமும் அதுதான், தன்னுணர்வும் அதுதான். மயங்கி விழுந்தவரை ‘நினைவு தப்பிருச்சு’ என்கிறோம். பால் பொங்கி வழிந்தால் “நினைப்பு எங்கடி இருக்கு?” என்று கேட்காத வீடு ஏது? ‘நினைவோடிருத்தல்’ என்று எழுதலாம், கொஞ்சம் நீளம்தான்.

சித்தி அதையும் சுருக்கிவிட்டார். “நாளைக்குத் திராட்சை கிளாஸ்டா. மறக்காம மாத்திரை டப்பாவையும் எடுத்து வையி.”