கரம் பவுடரும் அணு உலையும்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடெடுத்தவர்களுக்கு உப்புக்காற்று பூட்டை என்ன பாடுபடுத்தும் என்று தெரியும். எங்கள் ஆமைப்பூட்டு இறுகிப்போய், நான் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு நின்றபோது பக்கத்து வீட்டு அன்ரி தடுத்தார். "எண்ணெய் விடாதேங்கோ தம்பி, தூசு பிடிக்கும். திறப்பில பென்சிலைத் தேய்ச்சுப் பாருங்கோ." நாலாம் தரம் திறந்துகொண்டது.

பென்சிலில் இருப்பது காரீயம், அதாவது காபன். அணுக்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும்; தட்டின்மேல் தட்டு வழுக்கும். கரம் போர்ட்டில் தூவுகிற போரிக் பவுடரும் இப்படித்தான். வழுக்குவதில் இரண்டும் அண்ணன் தம்பி. அணு உலைக்குள் பரம எதிரிகள்.

உலையில் யுரேனியம் அணு பிளக்கும்போது, அதிலிருந்து நியூத்திரன் என்ற துகள் செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் வேகத்தில் பாயும். அந்த வேகத்தில் அது அடுத்த அணுவைப் பிளப்பது அரிது. காபனில் நூறு தடவைக்கு மேல் முட்டி முட்டி, வேகம் 2 கிலோமீற்றருக்குக் கிட்ட இறங்கவேண்டும். அதுவரை எதுவும் அதை விழுங்கிவிடக் கூடாது. காபன் பெரும்பாலும் விழுங்காது. போரிக் பவுடரில் இருக்கும் போரனோ காபனைவிட 200,000 மடங்கு பெருந்தீனி. கணக்குப் போட்டால், ஒரு தொன் காரீயத்தில் 4 கிராம் போரன் இருந்தாலே நியூத்திரன் இழப்பு இரட்டிப்பாகிவிடும். வெள்ளவத்தைக் கடல்நீரில் கரைந்திருக்கும் போரனும் கிட்டத்தட்ட அந்த அளவுதான்!

1941இல் ஜேர்மனியில் பௌதிகவியலாளர் வால்தர் போத்தே காரீயத்தை அளந்துவிட்டு, இது உலைக்கு ஆகாது என்ற முடிவுக்கு வந்தார். உண்மையில் விழுங்கியது கசடு. ஜேர்மானியர் காரீயத்தை விட்டு, அதேபோல் நியூத்திரனின் வேகத்தைக் குறைக்கும் நோர்வேயின் கனநீரை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் பௌதிகவியலாளர் லியோ சிலார்டுக்கும் காரீயத்தில் சந்தேகம் வந்தது. அவர் என்ன செய்தாரென்றால், அதைத் தயாரிக்கும் கம்பனிக்காரர்களிடமே போய் போரனைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். அப்புறம் தூய காரீயம் கிடைத்தது. என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய காரியம் இன்னொன்று: அவரோடு வேலைசெய்த என்ரிகோ பெர்மி அளந்த காரீயத்தின் விழுங்கல் அளவை 1940இல் வெளியிட விடாமல் அவர் பிடிவாதமாகத் தடுத்தது. வெளிவந்திருந்தால், காரீயம் உலைக்கு ஆகும் என்று ஜேர்மானியருக்கும் தெரிந்திருக்கும். 1942 டிசம்பர் 2ஆம் திகதி, ஏறத்தாழ 45,000 காரீயக் கட்டிகளை அடுக்கிய பெர்மியின் உலை சிக்காகோவில் இயங்கத் தொடங்கியது.

இலங்கையின் போகல சுரங்கத்துக் காரீயம் 99 வீதம்வரை தூய்மையானது என்று நாங்கள் பெருமைப்படுவோம். சரி, பெருமைதான். உலைக்காரர் கேட்பது மிச்சமிருக்கும் ஒரு வீதத்தில் என்ன இருக்கிறது என்று.