"வெறும் காலியிடம்தானே" என்று ஒப்புதல் தராதீர்கள்

பேட்ச், அதாவது கோப்பில் செய்ய வேண்டிய மாற்றங்களின் பட்டியல்; அதைப் பொருத்தும் கருவி ஒன்றில் வெற்றிடங்களை (ஸ்பேஸ், டேப் போன்றவற்றை) கையாளும் பகுதியில் செய்த நிரல் மாற்றம், "வெறும் காலியிடம்தானே" என்ற ஒற்றைக் குறிப்போடு ஒப்புதல் பெற்றதை இந்த வாரம் மறுபடியும் கண்டேன். இப்படிப்பட்ட ஒப்புதல்களை இனியும் பொறுத்துப்போக முடியாது என்பதால் எழுதுகிறேன்.

காலியிடமும் கோப்பில் உள்ள பைட்தான். நிரலைக் கட்டமைக்கும் 'மேக்' கருவி படிக்கும் மேக்ஃபைலில் கட்டளை வரியின் தொடக்க டேபை ஸ்பேஸாக மாற்றினால் மேக் பிழை காட்டி நின்றுவிடும். பைத்தானில் உள்தள்ளல் மாறினால் நிரலின் பொருளே மாறிவிடும். மார்க்டவுனில் வரியின் இறுதியிலுள்ள இரண்டு ஸ்பேஸ்களை நீக்கினால் வரிமுறிவு காணாமல் போகும். இரு பதிப்புகளின் வேறுபாட்டை வரிவரியாகக் காட்டும் யூனிஃபைட் டிஃபில் முதல் எழுத்தாக நிற்கும் ஸ்பேஸ்தான் அது மாற்றத்தைச் சுற்றியுள்ள, மாறாத சூழல் வரி என்பதை அறிவிக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது பாதிக்காது என்ற எண்ணத்தை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள்.

மாற்றம் எந்த வரிகளைத் தொடுகிறது என்பதே மறுஆய்வாளரின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பேட்சைக் கோப்பில் பொருத்தும் கிட் அப்ளை கட்டளையின் 'இக்னோர் ஒயிட்ஸ்பேஸ்' தெரிவு, இடத்தைப் பொருத்திப் பார்க்கும்போது மட்டும் வெற்றிட வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல், இலக்குக் கோப்பின் சூழல் வரிகளை உள்ளபடியே விட்டுவைக்கிறது. வெற்றிடப் பிழைகளைத் திருத்தும் 'ஒயிட்ஸ்பேஸ் ஃபிக்ஸ்' தெரிவோ, வரிசையில் முந்தைய பேட்ச் ஏற்கெனவே திருத்திவிட்ட வரிகளோடு அடுத்த பேட்சும் பொருந்த வேண்டும் என்பதற்காக, பேட்ச், இலக்குக் கோப்பு என இரு பக்கத்தையும் திருத்திப் பார்த்தே ஒப்பிடுகிறது. நோக்கம் வேறான இவ்விரு பாதைகளையும் "எளிமையாக்குகிறேன்" என்று ஒன்றாக்கும் மாற்றத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது நீளம். திருத்தினால் வரி குறுகத்தான் செய்யும் என்று பலர் நம்புகிறார்கள். உள்தள்ளலில் டேப் கூடாது என்ற விதி இயங்கும்போது, டேபின் அகலம் இயல்பாக 8 என்பதால், ஒரு பைட் எட்டு பைட்டாக விரியக்கூடும். சி மொழியில் பழைய நீளத்துக்கே இடம் ஒதுக்கியிருந்தால், எழுதுவது அந்த எல்லையைத் தாண்டிவிடும். இப்படி ஒதுக்கும் நினைவக இடத்தின் (இடையகத்தின்) அளவைக் கணக்கிடும் ஒவ்வொரு வரியையும் கையால் கூட்டிப் பாருங்கள்.

வெற்றிட வேறுபாடுகளை மறைக்கும் காட்சியில் இத்தகைய மாற்றத்தைப் படிக்கவே கூடாது. மறைந்துபோவது மறுஆய்வுக்கு வந்த பொருளேதான். சோதனைக் கோப்பில் வரியிறுதி ஸ்பேஸை நேரடியாகத் தட்டச்சு செய்தால், யாரோ ஒருவரின் எடிட்டர் அதைச் சேமிக்கும்போதே துடைத்துவிடும், சோதனையோ எதையும் சோதிக்காமலே தேறிக்கொண்டிருக்கும். அந்த ஸ்பேஸைப் பிரின்ட்எஃப் கட்டளை மூலம் வெளிப்படையாக உருவாக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் வரி முடிவுகள், இறுதியில் புதுவரிக் குறி இல்லாத கோப்பு, வெற்று வரிகளோடு முடியும் கோப்பு ஆகிய மூன்றுக்கும் சோதனை வரும்வரை ஒப்புதலை நிறுத்திவையுங்கள்.