நோமோஸ்: சட்டமா, அறமா, முறையா?

நோமோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் 'சட்டம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் 'ஆன்டிகனி' நாடகத்தைத் தமிழில் சொல்ல உட்கார்ந்தால் இந்த ஒரு சொல் நம்மை நகரவிடாது.

கதை தெரிந்ததுதான். தீப்ஸ் நகரத்து அரியணைக்காக அண்ணனும் தம்பியும் மோதி, ஒருவன் கையால் ஒருவன் சாகிறான். அடுத்து ஆட்சிக்கு வந்த தாய்மாமன் கிரயோன், ஊரைக் காத்தவனுக்கு மரியாதையோடு அடக்கம், படை திரட்டி வந்த பொலினீகஸின் உடல் நாய்க்கும் பறவைக்கும் என்று அறிவிக்கிறான். ஏதென்ஸிலும் துரோகியை நாட்டு மண்ணில் புதைக்க விடமாட்டார்கள், ஆனால் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்கத் தடையில்லை. கிரயோன் அதையும் தாண்டிப் போகிறான். தங்கை ஆன்டிகனி அந்த உடல்மேல் மண் தூவிப் பிடிபடுகிறாள்.

"இந்த நோமோஸ்களை மீறத் துணிந்தாயா?" என்று கிரயோன் கேட்கிறான். அவள் பதிலில் அவன் கட்டளைக்கு வேறு பெயர் வைக்கிறாள்: கெருக்மா. கெருக்ஸ் என்றால் அரசன் செய்தியை ஊருக்குக் கூவிச் சொல்பவன், அவன் கூவுவது கெருக்மா. நம் முரசறைவு. தெய்வங்களின் எழுதப்படாத, அசையாத நோமிமாவை ஒரு மனிதன் தாண்டிப் போகும் அளவுக்கு உன் முரசறைவுக்கு வலு இருப்பதாக நான் நினைக்கவில்லை என்கிறாள். நோமிமா என்பது நோமோஸிலிருந்தே வந்த சொல். அதாவது அவன் பிடித்திருந்த சொல்லை அவன் கையிலிருந்து பறித்துக்கொள்கிறாள்.

சரி, சொல்லின் வேர் எது? நெமெய்ன் என்ற வினை: பங்கிட்டுக் கொடுப்பது, ஆடுமாடுகளை மேய விடுவது. அழுத்தத்தை மாற்றி உச்சரித்தால் அதே எழுத்துகளுக்கு மேய்ச்சல் நிலம் என்று பொருள். எகானமி, ஆட்டோனமி எல்லாவற்றின் வாலிலும் இதுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வகை இசைப் பாட்டுக்கும் நோமோஸ் என்றே பெயர். ஏதென்ஸில் பழைய சட்டமியற்றியவர்களான டிராக்கோ, சோலோன் காலத்துச் சட்டங்களைத் தெஸ்மோஸ் என்றார்கள், 'வைக்கப்பட்டது' என்று பொருள். பிறகுதான், மக்கள் தமக்குள் ஏற்றுப் புழங்குவது என்ற வாடை உள்ள நோமோஸ் அந்த இடத்தைப் பிடித்தது.

இப்போது தமிழுக்கு வருவோம். கிரயோன் சொல்வதைச் 'சட்டம்' என்றும் ஆன்டிகனி சொல்வதை 'அறம்' என்றும் பிரித்துப் போடத்தான் கை போகும். வாசிக்கச் சுகமாக இருக்கும், ஆனால் அப்படிச் செய்தால் வழக்கு தொடங்குமுன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறோம். இருவரும் ஒரே சொல்லுக்கு உரிமை கோருகிறார்கள் என்பதில்தான் நாடகத்தின் வலியே இருக்கிறது.

நான் தேர்ந்த சொல் 'முறை'. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிறோம், அது பங்கீடு. 'அவர் உங்களுக்கு என்ன முறை?' என்றால் உறவு. 'இது முறையில்லை' என்றால் நியாயம். 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்கிறது 388ஆம் குறள், அங்கே அது அரசனின் வேலை. தேவாரப் பாடல்கள் திருமுறைக்குள் இருக்கின்றன, அது தற்செயல் ஒற்றுமைதான், இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. கிரயோனும் கூசாமல் இந்தச் சொல்லைச் சொல்லலாம், அண்ணனைப் புதைத்த தங்கையும் சொல்லலாம். அவள் பேசுவது உறவுமுறையும்தானே.

ஆட்டோனமிக்கு நாம் தன்னாட்சி என்கிறோம். ஆனால் உயிரோடு கல்லறைக்குப் போகும் ஆன்டிகனியை 'ஆட்டோனோமோஸ்' என்று முதியோர் குழு பாடும் இடத்தில் தன்னாட்சி நிற்காது. 'தன்முறையே முறையாக' என்றால் நிற்கும்.

இன்னொன்று. கண்ணிழந்த குறிசொல்லி டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போனபின் கிரயோன் உடைகிறான்: நிலைபெற்ற நோமோஸ்களைச் சாகும்வரை காப்பதே நல்லதோ என்று அஞ்சுகிறேன் என்கிறான். இங்கே அவன் சொல்வது தன் கட்டளையை அல்ல, அவளுடைய பொருளில் அதே சொல்லை. முன்பு 'சட்டம்' என்று போட்டுவிட்டு இங்கே 'அறம்' என்று மாற்றினால் இந்தத் திருப்பம் வாசகனுக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம், அவளுடைய 'அக்ராப்தா நோமிமா', அதாவது எழுதப்படாத நோமிமா. எழுதாமல் கற்ற வேதத்தை 'எழுதாக் கற்பு' என்கிறது குறுந்தொகை 156ஆம் பாட்டு. அந்த வழியில் எழுதா முறைகள்.