வைரஸின் வேகத்தை அளந்தவர்கள்

எச்.ஐ.வி. தொற்றிய ஒருவர், சிகிச்சை எதுவும் இல்லாமலேயே, பல ஆண்டுகள் பெரிய தொந்தரவின்றி நடமாடலாம். அந்தக் காலத்தில் ரத்தத்தில் வைரஸின் அளவு அதிகம் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. 1990களின் தொடக்கம் வரை பலர் இதைப் பார்த்து, வைரஸ் உறங்குகிறது என்றே எண்ணினார்கள். அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் முக்கியமான இருவர் டேவிட் ஹோவும் ஆலன் பெரல்சனும். ஹோ ஒரு மருத்துவர்; 1981இல் லாஸ் ஏஞ்சலிஸில் பயிற்சிக் காலத்திலேயே, எய்ட்ஸ் என்ற பெயர்கூட வராதபோது, அந்நோயாளிகளைக் கண்டவர். பெரல்சன் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தின் கணித உயிரியலாளர். எச்.ஐ.வி.யிலும் கல்லீரல் வைரஸ்களிலும் அவர் ஒரே கேள்வியைத்தான் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்தார்: எவ்வளவு வேகம்?

தொட்டியில் நீர்மட்டம் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். நீர் வரத்தும் இல்லை, போக்கும் இல்லை. அல்லது இரண்டும் சம அளவில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வரத்தைச் சட்டென்று அடைத்து, மட்டம் இறங்குகிறதா என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். அப்போது புதிதாக வந்த ரிட்டோனாவிர் என்ற மருந்து அந்த வாய்ப்பைத் தந்தது. அது வைரஸின் புரதங்களை வெட்டிச் சீராக்கும் நொதியை முடக்குகிறது. பாதிக்கப்பட்ட உயிரணுவிலிருந்து வைரஸ் துகள்கள் தொடர்ந்து வெளிவரும். ஆனால் அவை அடுத்த அணுவைத் தொற்ற முடியாதவை.

ஹோவும் பெரல்சனும் சகாக்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்து, முதல் ஆறு மணி நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டாம் நாள் வரை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, பிறகு ஏழாம் நாள் வரை தினம் ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். வைரஸ் அளவு இறங்கிய கோட்டின் வளைவிலிருந்து பெரல்சன் கணக்கிட்டார். ரத்தத்தில் மிதக்கும் வைரஸில் பாதி சுமார் ஆறு மணி நேரத்தில் அழிகிறது. வைரஸைப் பெருக்கும் அணுக்களில் பாதி 1.6 நாளில் மடிகின்றன. நாளொன்றுக்கு உருவாகும் புதிய வைரஸ்கள் சுமார் ஆயிரம் கோடி. ஐந்தே பேரின் ரத்தத்திலிருந்து இத்தனை தெளிவு கிடைத்ததை எப்போது படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஒரே மருந்தை மட்டும் கொடுத்த சிகிச்சை ஏன் தோற்றது என்பதற்கும் இந்த எண்ணே விடை. எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தி சுமார் பத்தாயிரம் எழுத்து நீளம். படியெடுக்கும் நொதி பிழை செய்யும், பிழையைத் திருத்தாது. நாளுக்கு ஆயிரம் கோடி படிகள் என்றால், ஓர் எழுத்து மாறிய எல்லா வகை வைரஸ்களும் அன்றாடம் பிறந்துகொண்டே இருக்கும். மருந்துக்கு அடங்காத வைரஸும் சிகிச்சைக்கு முன்பே அவற்றில் இருக்கும். ஆனால் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், மூன்றுக்கும் அடங்காமலிருக்கத் தேவையான மாற்றங்கள் ஒரே வைரஸில் ஒருசேர அமைவது மிக அரிது. 1996 முதல் கூட்டு மருந்து சிகிச்சை நிலைபெற்றது. மரணத்தின் விளிம்பிலிருந்து எத்தனையோ பேர் வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பினார்கள்.

ஆனால் நோய் ஒழியவில்லை. எச்.ஐ.வி. ஆர்.என்.ஏ. வடிவில் உள்ள தன் மரபுச் செய்தியை டி.என்.ஏ.வாக மாற்றி, மனித அணுவின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அப்படிச் செருகப்பட்ட நினைவு அணுக்கள் (பழைய தொற்றுகளை நினைவில் வைத்திருக்கும் நோயெதிர்ப்பு அணுக்கள்) சில, எந்த வைரஸையும் உருவாக்காமல் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை பாதியாகவே சுமார் 44 மாதங்கள் ஆகும் என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் சிலிசியானோவின் குழு கணக்கிட்டது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் வைரஸ் மீண்டுவிடும்.

1998இல் பெரல்சனும் சகாக்களும் அதே முறையைக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்குப் பயன்படுத்தினார்கள். அது இன்னும் வேகமானது: நாளுக்கு சுமார் ஒரு லட்சம் கோடி. ஆனாலும் இதுதான் முழுமையாகக் குணமாகும் நோய். அது ஆர்.என்.ஏ.வாகவே வாழ்ந்து, அணுக்கருவுக்கு வெளியிலேயே பெருகுகிறது. ஒளிந்திருக்க அதற்கு இடமே கிடையாது. படியெடுப்பதைச் சில வாரங்கள் அடக்கிவைத்தால் எஞ்சிய ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும். 2013இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர், போலி எழுத்தாக ஆர்.என்.ஏ. சங்கிலியில் நுழைந்து அதை அங்கேயே நிறுத்துகிறது. அதற்கு முன் ஓராண்டு வரை இன்டர்ஃபெரான் ஊசி போட்டு, காய்ச்சலும் மனச்சோர்வும் தாங்கியும், பலர் குணமாகவில்லை. இன்று இரண்டு மருந்துகள் சேர்ந்த மாத்திரையை எட்டு அல்லது பன்னிரண்டு வாரம் உட்கொண்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள்.

ஹெபடைடிஸ் பி வேறு வகை. அது கல்லீரல் அணுவின் கருவுக்குள் வட்ட டி.என்.ஏ.வாகத் தங்கிவிடுகிறது. எச்.ஐ.வி.யைப் போலவே ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. எழுதும் நொதி அதனிடமும் இருப்பதால், டெனோஃபோவிர் என்ற ஒரே மருந்து இரண்டையும் அடக்குகிறது. இரண்டு தொற்றும் உள்ளவருக்கு எச்.ஐ.வி. மாத்திரையை மாற்றும்போது டெனோஃபோவிரைக் கவனமின்றி விட்டுவிட்டால், பி மீண்டெழுந்து கல்லீரலில் கடுமையான அழற்சி ஏற்படக்கூடும். ஹெபடைடிஸ் சி மருந்தும் இப்படியொரு விளைவைத் தரலாம்: சி அடங்கியதும், உடனிருக்கும் பி தலைதூக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் இதுகுறித்து எச்சரித்தது. இப்போது சி சிகிச்சை தொடங்குமுன் பி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது விதி.