பலூன் வந்து விமானம் ரத்தானால்: அந்த ரீஃபண்ட் பட்டனை அழுத்தும் முன்

2025 அக்டோபரில் ஒரு நள்ளிரவு. லிதுவேனியாவின் வில்னியஸ் விமான நிலையத்திலிருந்து ஒரு மாணவி போன் செய்தாள். "அண்ணா, வானத்துல பலூன் வந்துடுச்சாம், ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க. ஆப்ல ரீஃபண்ட் வேணுமான்னு கேட்டுது, அழுத்திட்டேன். இப்போ ரூம் கேட்டா, உனக்குத்தான் பணம் திரும்ப வருதே, நீ எங்க பயணியே இல்லைங்கறாங்க."

அவள் டிக்கெட் 41 யூரோ. மறுநாள் அதே ஊருக்குப் போக அவளே வாங்கிய டிக்கெட் 230 யூரோ. நடுவில் ஓர் இரவு, சூட்கேஸை அணைத்துக்கொண்டு, குளிர்கோட்டைத் தரையில் விரித்துப் படுத்திருந்தாள். அந்தப் பட்டனைத் தொடாமல் இருந்திருந்தால் அறை, சாப்பாடு, மாற்று விமானம் மூன்றையும் நிறுவனமே கொடுத்திருக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுக்க வேண்டியதும் நிறுவனத்தின் கடமை. யாரும் கொடுக்கவில்லை.

அதன்பிறகு இதே மாதிரி பல பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் ஏமாந்த இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் எழுதிவிடுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. வில்னியஸிலிருந்து பெலாரஸ் எல்லை சுமார் 30 கிலோமீட்டர். அங்கிருந்து கடத்தல்காரர்கள் வானிலை பலூன்களில் சிகரெட் கட்டி அனுப்புகிறார்கள். இது வெறும் கடத்தல் இல்லை, பெலாரஸின் மறைமுகத் தாக்குதல் என்பது லிதுவேனியாவின் குற்றச்சாட்டு, பெலாரஸ் மறுக்கிறது. 2025 அக்டோபர் 4 இரவு சுமார் 25 பலூன்கள் வந்ததில் 30 விமானங்களும் 6,000 பயணிகளும் பாதிக்கப்பட்டார்கள். மாதக் கடைசியில் அடுத்தடுத்து பல இரவுகள் விமான நிலையம் மூடியது. பிரதமர் இங்கா ருகினியேனே, இனி ராணுவம் பலூன்களைச் சுட்டு வீழ்த்தும் என்றார், பெலாரஸ் எல்லையையும் சில வாரம் மூடினார்கள். டிசம்பரில் அவசரநிலை அறிவித்தார்கள்.

சுட்டுவிட்டால் விமானம் கிளம்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். சுடுவதற்கும் வான்வெளியைக் காலி செய்யத்தான் வேண்டும். 2023 பிப்ரவரி 4 அன்று அமெரிக்காவின் எஃப்-22 விமானம் சீன பலூனைத் தெற்குக் கரோலினா கடலோரத்தில் சுட்டபோது மிர்ட்டில் பீச், சார்ல்ஸ்டன், வில்மிங்டன் ஆகிய மூன்று விமான நிலையங்களில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். ராணுவம் சுட்டாலும் சரி, காத்திருந்தாலும் சரி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பது பயணிதான்.

இனி விதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் விதிமுறை. 261 என்று சொன்னாலே கவுண்டரில் புரிந்துகொள்வார்கள்.

முதல் பொறி, யாருக்கு இது பொருந்தும் என்பதிலேயே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் எந்த நிறுவனமாக இருந்தாலும் பொருந்தும். வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டும்தான். வளைகுடா அல்லது துருக்கி நிறுவனத்தில் சென்னையிலிருந்து வில்னியஸ் வருகிறீர்கள், பலூனால் விமானம் ரத்தாகிறது என்றால் 261 உங்களுக்கு இல்லை. அதே நிறுவனத்தில் வில்னியஸிலிருந்து ஊருக்குத் திரும்பினால் உண்டு. ஒரே புக்கிங்காக இருந்தால் நடுவில் மாறும் இரண்டாவது விமானமும் இதில் அடங்கும். அக்காவும் தம்பியும் ஒரே நிறுவனத்தில், ஒருவர் வர, ஒருவர் போக டிக்கெட் போட்டு, ஒருவருக்கு அறை கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன். அதில் அதிகாரிகளின் தவறு இல்லை, விதியே அப்படி. டிக்கெட் போடும்போதே இதைப் பாருங்கள்.

இரண்டாவது பொறி ஒரு சொல்: 'அசாதாரண சூழ்நிலை'. கவுண்டரில் போய் நின்றால் முதலில் காதில் விழுவது இதுதான். "பலூன் எங்கள் கையில் இல்லை, அசாதாரண சூழ்நிலை, எதுவும் தர முடியாது." முதல் பாதி உண்மை. கடைசி மூன்று சொல் பொய். வான்வெளி மூடியது அசாதாரண சூழ்நிலைதான். அதனால் தூரத்தைப் பொறுத்துக் கிடைக்கும் 250, 400 அல்லது 600 யூரோ இழப்பீடு பொதுவாகக் கிடைக்காது. போவது அந்த ஒன்று மட்டும்தான். சாப்பாடு, இரவு தங்க அறை, அறைக்குப் போய்வர வண்டி, மாற்று விமானம் அல்லது டிக்கெட் பணம், இவை எதுவும் போகாது.

இதற்கு ஒரு தீர்ப்பே இருக்கிறது. 2010-ல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி நாள்கணக்கில் மூடியது. போர்ச்சுகலின் ஃபாரோவில் ஒரு வாரம் சிக்கிய அயர்லாந்துப் பயணி ஒருவர் அறைக்கும் சாப்பாட்டுக்கும் செலவழித்த சுமார் 1,130 யூரோவைக் கேட்டு வழக்குப் போட்டார். எவ்வளவு பெரிய அசாதாரணமாக இருந்தாலும், எத்தனை நாள் ஆனாலும், பயணியைக் கவனிக்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013-ல் சொன்னது. எரிமலைக்கே அப்படியென்றால் சிகரெட் பலூனுக்குச் சொல்லவே வேண்டாம். கவுண்டரில் இருப்பவர் கை விரித்தால் இந்த எரிமலை வழக்கைச் சொல்லுங்கள்.

சரி, அந்தப் பட்டன். விமானம் ரத்தானால் உங்களுக்கு இரண்டில் ஒன்று: பணம் திரும்ப, அல்லது மாற்று விமானம். பணத்தைத் தேர்ந்தெடுத்த அந்த நொடியே உங்களைக் கவனிக்கும் கடமை முடிகிறது. அறை கிடையாது, சாப்பாடு கிடையாது, மறுநாள் விமானமும் கிடையாது. ஆப்பில் ரீஃபண்ட் பட்டன் மேலே, பெரிதாக, பளிச்சென்று இருக்கும். மாற்று விமானத்துக்கான பட்டன் கீழே எங்கேயோ இருக்கும். அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் 41 யூரோவைத் திரும்பத் தருவதுதான் நிறுவனத்துக்கு மலிவு. நீங்கள் ஊர் போய்ச் சேர வேண்டுமென்றால் தொடாதீர்கள். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நில்லுங்கள், அல்லது "எனக்கு மாற்று விமானம் வேண்டும்" என்று நிறுவனத்தின் சாட்டில் எழுதி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

வவுச்சரும் இதே கதை. பணமாகத்தான் தர வேண்டும், 7 நாளில் தர வேண்டும். கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால்தான் வவுச்சர். 'நான் எங்கே கையெழுத்துப் போட்டேன்' என்று கேட்பவர்களுக்கு 2024-ல் பதில் வந்துவிட்டது: விவரங்களைத் தெளிவாகச் சொல்லியிருந்தால், இணையப் படிவத்தை நிரப்பி வவுச்சர் கேட்டதே ஒப்புதல்தான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தூக்கக் கலக்கத்தில் எந்தப் படிவத்தையும் நிரப்பாதீர்கள்.

மாற்று விமானம் கேட்டால், "எங்கள் அடுத்த விமானம் வியாழக்கிழமை" என்பார்கள். இன்று திங்கள். வேறு நிறுவனத்தில் நாளைக்கே இடம் இருக்கும்; போனில் அங்கேயே தேடிக் காட்டுங்கள். வேறு நிறுவனத்தில் முன்னதாகவே அனுப்ப வழி இருந்தும், தன் மறுநாள் விமானத்தில் ஏற்றிவிட்டு 'முடிந்ததையெல்லாம் செய்தோம்' என்று சொல்ல முடியாது என்பது 2020 தீர்ப்பு. அப்படிச் செய்தால் பலூனைக் காட்டி மறுத்த இழப்பீடுகூடத் திரும்பக் கேட்க வழி பிறக்கும். இதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டும் பதிலில்லை என்றால்தான் சொந்தக் காசில் டிக்கெட் வாங்க வேண்டும். கேட்காமல் வாங்கினால், "எங்களிடம் கேட்கவே இல்லையே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அப்புறம், பலூன் போன பிறகும் பலூனையே காரணம் சொல்வது. வான்வெளி அதிகாலை 2 மணிக்குத் திறந்துவிட்டது. உங்கள் விமானம் மாலை 4 மணிக்கு ரத்து. காரணம் கேட்டால் "பலூன்". உண்மையாகவும் இருக்கலாம், அதே விமானம் முந்தைய இரவு வேறு ஊரில் மாட்டியிருக்கலாம். ஆனால் நேரடித் தொடர்பை நிரூபிக்க வேண்டியது அவர்கள். எந்த விமானம், எங்கே, எத்தனை மணி வரை நின்றது என்று எழுதிக் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பிறகு இழப்பீடு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் நடக்கிறது. முந்தைய இரவு ரத்தான விமானத்தின் பயணிகளை ஏற்றுவதற்காக, உங்கள் டிக்கெட் சரியாக இருந்தும் உங்களை இறக்கிவிடுவார்கள். இதற்கு பலூன் சாக்கு செல்லாது. 2012-ல் ஒரு விமான நிலைய வேலைநிறுத்த வழக்கில் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஏற்ற மறுத்தால் இழப்பீடு உண்டு. அதற்கு நீங்களாக விட்டுக்கொடுத்ததாக இருக்கக் கூடாது. "தன்னார்வலர்" என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

நம் பிள்ளைகள் அதிகம் இழப்பது தனித்தனி டிக்கெட்டில்தான். வில்னியஸிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஒரு மலிவு டிக்கெட், அங்கிருந்து சென்னைக்கு வேறு நிறுவனத்தில் இன்னொன்று. மொத்தத்தில் 80 யூரோ மிச்சம் என்று போடுகிறார்கள். பலூனால் முதல் விமானம் ரத்தானால், முதல் நிறுவனம் உங்களை ஃபிராங்க்ஃபர்ட்டில் கொண்டுபோய் விடுவதோடு சரி. இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி. சென்னை டிக்கெட் போனது போனதுதான், 261 அதில் ஒரு சென்ட் வாங்கித் தராது. பலூன் வருவது பெரும்பாலும் இரவில். தனித்தனியாகத்தான் போட வேண்டும் என்றால் முதல் நாள் பகலிலேயே போய்விடுங்கள்.

இணைய ஏஜென்ட் மூலம் போட்டால், புக்கிங்கில் ஏஜென்ட்டின் மின்னஞ்சல்தான் இருக்கும். ரத்தான செய்தி அவருக்குப் போகும். பணமும் அவருக்குப் போகும். நிறுவனத்தைக் கேட்டால் ஏஜென்ட்டைக் கேள் என்பார்கள், ஏஜென்ட்டைக் கேட்டால் நிறுவனம் இன்னும் தரவில்லை என்பார். டிக்கெட் வாங்கிய அன்றே நிறுவனத்தின் தளத்தில் போய் உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ரசீது இல்லாமல் ஒன்றும் நடக்காது. அறை கொடுக்காவிட்டால் நீங்களே எடுக்கலாம். சாதாரண அறை, சாதாரண சாப்பாடு. மது இருக்கும் பில்லைச் சேர்க்காதீர்கள், அதைக் காட்டி மொத்தத்தையும் இழுத்தடிப்பார்கள். ரத்து என்று காட்டும் பலகையை நேரம் தெரியும்படி போட்டோ எடுங்கள். போர்டிங் பாஸை ஆப்பில் மட்டும் வைத்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், மறுநாள் அது மறைந்துவிடும்.

அப்புறம் அலைச்சல். முதலில் நிறுவனத்தின் இணையப் படிவம். அதில் 'இழப்பீடு', 'செலவு' என்று தனித்தனியாக இருக்கும். 'இழப்பீடு' பகுதியில் ஹோட்டல் பில்லைப் போட்டால், அசாதாரண சூழ்நிலை என்று தானியங்கிப் பதில் வந்து கோப்பு மூடிவிடும். 'செலவு' பகுதியில் போடுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் பாருங்கள். பதில் இல்லை அல்லது மறுப்பு என்றால், சம்பவம் நடந்த நாட்டின் விமானப் பயணியர் உரிமைக் கண்காணிப்பு அமைப்புக்கு எழுத வேண்டும். நிறுவனத்தின் நாடும் அல்ல, நீங்கள் வசிக்கும் நாடும் அல்ல. தவறான நாட்டுக்கு எழுதி, "எங்கள் அதிகாரத்தில் வராது" என்ற ஒரு வரிக்காக மூன்று மாதம் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். ஒன்றியத்தில் வசிப்பவர் என்றால், வேறு நாட்டு நிறுவனத்தோடு தகராறுக்கு ஐரோப்பிய நுகர்வோர் மையம் இலவசமாக உதவும். அதற்கும் மசியாவிட்டால் 5,000 யூரோ வரை சிறு வழக்கு நடைமுறை உண்டு, வக்கீல் வேண்டாம், படிவம்தான். வாங்கித் தருகிறோம் என்று வரும் தனியார் கம்பெனிகள் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வார்கள். ஒரு ஹோட்டல் பில்லுக்கு அவர்கள் தேவையில்லை.

அமெரிக்காவில் இருப்பவர்கள் இதை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். விமானம் ரத்தாகி, நீங்கள் போக வேண்டாம் என்று சொன்னால் பணம் திரும்ப வரும். ராணுவம் வான்வெளியை மூடியதற்காக அறை கொடு என்று கேட்க அங்கே சட்டம் இல்லை.

அந்த மாணவிக்கு நாங்கள் எழுதிய கடிதம் நான்கு வரி. விமான எண், தேதி. மாற்று விமானம் உண்டு என்று எழுத்தில் சொல்லவில்லை. அதனால்தான் ரீஃபண்ட்டை அழுத்தினேன். வித்தியாசம் 189 யூரோ. முதல் இரண்டு முறை மறுத்தார்கள். ஐந்தாவது மாதம் 189 யூரோ வந்தது. அன்றிரவு அவள் வாங்கிய சாண்ட்விச்சுக்கும் தேநீருக்கும் ரசீது இல்லை, அதைக் கேட்க முடியவில்லை.