பேணல் வேலை: ஒரு சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் ‘கெயார் வேர்க்’ எனப்படும் கலைச்சொல், இலங்கைத் தமிழில் ‘பராமரிப்பு வேலை’ என்றும் ‘பராமரிப்புப் பணி’ என்றும் எழுதப்படுகிறது. குழந்தைக்கு ஊட்டுவது, நோயாளியைக் குளிப்பாட்டுவது, நடக்க முடியாத முதியவரைக் கழிப்பறைக்குக் கூட்டிச் செல்வது போன்ற நேரடிப் பராமரிப்பும், சமையல், துவையல், தண்ணீர் அள்ளுதல், விறகு சேர்த்தல் போன்ற மறைமுகப் பராமரிப்பும் இச்சொல்லுள் அடங்கும். சம்பளம் பெறும் தாதியும் முன்பள்ளி ஆசிரியையும் செய்வது ஊதியமுள்ள பராமரிப்பு வேலை. அதே காரியங்களை வீட்டில் தாயோ மகளோ அம்மம்மாவோ செய்யும்போது அது ஊதியமற்ற பராமரிப்பு வேலை. செய்யப்படும் காரியம் ஒன்றுதான். யார் செய்கிறார், எங்கே செய்கிறார் என்பதைப் பொறுத்தே அது வேலை ஆவதும் ஆகாமற் போவதும் இதுவரை தீர்மானிக்கப்பட்டு வந்திருக்கிறது.

‘கெயார்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் துயரம், கவலை என்பதாகும். ஒருவரை நினைத்துக் கவலைப்படுவதிலிருந்து அவரைக் கவனிப்பதற்கு அதன் பொருள் நகர்ந்தது. அதனோடு ‘வேலை’ என்ற சொல் சேர்ந்ததற்குப் பின்னால், வீட்டுக்குள் நடப்பதையும் உழைப்பாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று பெண்ணியப் பொருளியலாளர்கள் பல பத்தாண்டுகள் நடத்திய வாதம் இருக்கிறது. 2013இல் தொழிற் புள்ளிவிபரவியலாளர்களின் 19ஆவது சர்வதேச மாநாடு, பிறர் பயன்பாட்டுக்காகவோ தன் பயன்பாட்டுக்காகவோ பொருளை ஆக்கும் அல்லது சேவையை வழங்கும் எந்தச் செயலும் வேலையே என்று வரையறுத்தது. சர்வதேச தொழில் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை, 64 நாடுகளின் தரவுகளைக் கொண்டு, நாளொன்றுக்கு 1,640 கோடி மணித்தியாலம் ஊதியமற்ற பராமரிப்பில் செலவாகிறது என்றும், அதில் 76.2 வீதத்தைப் பெண்களே செய்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. பராமரிப்புப் பொறுப்பினால் சம்பள வேலைக்குப் போக முடியாத பெண்கள் 60.6 கோடி, ஆண்கள் 4.1 கோடி என்பதும் அதே அறிக்கையின் கணக்கு.

தமிழில் நாம் கொண்ட ‘பராமரிப்பு’ வடமொழிப் ‘பராமர்சம்’ என்பதிலிருந்து வந்தது. தொடுதல், ஆராய்தல் என்பவை அதன் மூலப்பொருள். கவனித்து ஆதரித்தல் என்ற பொருள் தமிழ் வழக்கில் நிலைபெற்றது. இன்று அச்சொல்லின் பெரும்பகுதி இயந்திரங்களுக்கும் கட்டடங்களுக்கும் போய்விட்டது. வீதிப் பராமரிப்பு, வாய்க்கால் பராமரிப்பு, வாகனப் பராமரிப்பு என்பவையே வன்னியில் நாளாந்தம் காதில் விழும் தொடர்கள், வீதிப் பராமரிப்பில் நிற்பவருக்கு நாட்கூலியும் உண்டு. நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே ‘தாபரிப்பு’ என்ற சொல் இருக்கிறது. ஆனால் அது வாழ்க்கைத்துணைக்கும் பிள்ளைக்கும் கட்ட வேண்டிய பணத்தைக் குறிப்பது, அந்தப் பிள்ளையை இரவில் எழும்பிப் பார்ப்பவரின் உழைப்பைக் குறிப்பதல்ல.

பழந்தமிழில் இதற்குரிய சொற்கள் குறைவில்லை. ‘பிணையும் பேணும் பெட்பின் பொருள’ என்கிறது தொல்காப்பியம்: பேணுதலின் உள்ளே பெட்பு, அதாவது விருப்பம், இருக்கிறது. ‘தற்காத்துத் தற்கொண்டாற் பேணி’ என்ற குறளில் பேணுபவள் மனைவி. ஆனால் ‘பெற்றியார்ப் பேணிக் கொளல்’ என்னும் குறளில் பேணுபவன் அரசன்; ‘வருவிருந்து வைகலும் ஓம்புவான்’ என்பதில் ஓம்புபவனும் ஆண்தான். ஆகவே பேணுதலும் ஓம்புதலும் பெண்ணுக்கு மட்டும் உரிய வினைகளாகத் தமிழில் பிறக்கவில்லை. புறநானூற்றில் பொன்முடியார் பாடிய 312ஆம் பாடல் இன்னொரு சொல்லைத் தருகிறது: ‘ஈன்று புறந்தருதல் என்றலைக் கடனே.’ புறந்தருதல் என்றால் பேணி வளர்த்தல். இதில் நான் முக்கியமாகக் கருதுவது, தாயின் புறந்தருதலும் கொல்லன் வேல் வடிப்பதும் வேந்தனின் கடமையும் ஒரே நிரலில், ‘கடன்’ என்ற ஒரே சொல்லால் எண்ணப்படுவதுதான். போர்க்களத்தில் யானையை எறிந்து மீள்வதை மகனின் கடனாக்கும் அதன் இறுதி அடிகளை, பிள்ளைகளைப் போரில் இழந்த தாய்மார் வாழும் வன்னியில் மனம் கனக்காமல் படிக்க இயலாது. என்றாலும் வளர்ப்பை உழைப்புகளின் வரிசையில் வைத்த பழமை அதற்கு உண்டு.

பேச்சு வழக்கில் வன்னிச் சனம் சொல்வது ‘பார்க்கிறது’ என்ற வினை. பிள்ளை பார்க்கிறது, அம்மாவைப் பார்க்கிறது, வருத்தக்காரரைப் பார்க்கிறது. எளிமையான, அன்பான சொல். ஆனால் அதைச் சொல்பவரே அதை வேலையாகக் கொள்வதில்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் நான் அறிந்த ஒரு வீட்டில், 2009இல் ஷெல் துண்டு பட்டு முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட கணவர் இடுப்புக்குக் கீழே உணர்வின்றி இருக்கிறார். படுக்கைப்புண் வராமலிருக்க இரவிலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சிறுநீர்ப் பையை வெறுமையாக்கி, குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்து, காய்ச்சல் தொடங்கினால் தொற்றோ என்று ஊகித்து ஓட்டோ பிடிப்பவர் அவருடைய மனைவி. ஆஸ்பத்திரி விடுதியில் பயிற்சி பெற்றவர்கள் முறைமாறிச் செய்யும் காரியத்தை அவர் தனி ஆளாகச் செய்கிறார். விதானையார், அதாவது கிராம அலுவலர், படிவம் நிரப்ப வந்து ‘என்ன தொழில்?’ என்று கேட்டபோது, ‘ஒண்டும் இல்லை, வீட்டிலைதான் இருக்கிறன்’ என்றார். அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு இழுக்கப்பட்டது. தொழிற்படைக் கணக்கெடுப்பிலும் இப்படி வீட்டுவேலையில் இருப்பவர் ‘பொருளாதார ரீதியில் செயற்படாதோர்’ என்ற தொகுதிக்குள்ளேயே விழுகிறார். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நேரப் பயன்பாட்டு அளவீடு ஒன்றை நடத்தியதனால் இத்தகைய மணித்தியாலங்கள் எண்ணத்தக்கவை என்றாவது நிறுவப்பட்டது.

இங்கேதான் ‘வேலை–வாழ்க்கைச் சமநிலை’ என்ற இன்னொரு தொடர் இடறுகிறது. அது நாளை இரண்டாகப் பிரிக்கிறது: சம்பளம் தருவது வேலை, மிகுதியெல்லாம் வாழ்க்கை. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஆடைத்தொழிற்சாலைக்குப் போகும் தாய் விடியுமுன் எழும்பிச் சமைத்து, பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டு பஸ் ஏறுகிறார். பாடசாலை 1.30 மணிக்கு விட்டுவிடும். முன்பள்ளி அதற்கும் முன்னரே. தாய் திரும்பும் வரையுள்ள மணித்தியாலங்களை இன்னொரு பெண் சுமக்கிறார். மாலையில் வீடு திரும்பும் தாய்க்குத் தொடங்குவதை ‘வாழ்க்கை’ என்ற பக்கத்தில் எழுதினால் கணக்குப் பிழைக்கிறது. கணவர் இறந்த அல்லது காணாமல் ஆக்கப்பட்ட, பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில் பங்கிட ஒருவரும் இல்லாததால் அந்தப் பிழை இன்னும் பெரிதாகிறது. ஆண் இருக்கும் வீடுகளிலும், மண்வெட்டி பிடிக்கும் கை உலை வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை; பழக்கம்தான் இருக்கிறது. வயதுபோன தாயைத் தூக்கிக் குளிப்பாட்டும் மகன்மார் நம் ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களை ஊர் வியந்து புகழ்கிறது. அதையே செய்யும் மகளை யாரும் புகழ்வதில்லை.

எந்தத் தமிழ்ச் சொல் பொருத்தமானது? ‘பராமரிப்பு’ பிழையான சொல் அல்ல. நன்றாக வேரூன்றியது, அதை விலக்க வேண்டியதில்லை. ஆனால் மனிதரைக் கவனிக்கும் உழைப்பைத் தனியே சுட்ட ‘பேணல்’ நல்லது என்பது என் முடிவு. அதில் விருப்பமும் காப்பும் சேர்ந்திருக்கின்றன, பெயராகவும் வினையாகவும் எளிதில் வரும், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக ஆளப்பட்டிருக்கிறது. அடுத்த உறுப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாது: அது ‘வேலை’யாகவே இருக்க வேண்டும். ‘பணி’யில் பணிவும் பணிவிடையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘சேவை’யும் ‘தியாகமும்’ பெண்ணை உயரத்தில் ஏற்றிவிட்டுக் கூலியையும் ஓய்வையும் பற்றிய கேள்வியை மூடிவிடுகின்றன. ஆகவே பேணல் வேலை. சம்பளம் இல்லாதது ஊதியமற்ற பேணல் வேலை. செய்பவர், ஆணாயினும் பெண்ணாயினும், பேணுநர். ‘ஜென்டர்’ என்பதற்கு ஈழத்தில் வழங்கும் ‘பால்நிலை’யைச் சேர்த்து, ‘பேணல் வேலையின் பால்நிலைப் பங்கீடு’ என்று எழுதினால் வாசிப்பவருக்குத் தடையிராது.

பிரதேச செயலகப் படிவங்களில் இச்சொல் வரவேண்டிய இடம், ‘தொழில்’ என்ற கட்டத்துக்கு அடுத்த வரி: ‘கடந்த 7 நாட்களில் வீட்டில் பேணல் வேலைக்குச் செலவான மணித்தியாலம் எத்தனை, யாரைப் பேணினீர்கள், உங்களுக்கு மாற்றாக நிற்க யாராவது இருக்கிறார்களா?’