கதிரும் மருந்தும் ஒரே வாரத்தில் ஏன்?

நுரையீரல் புற்றுக்கட்டி நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்டாலோ, பெரிய ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டாலோ பெரும்பாலும் அறுத்தெடுக்க முடியாது. ஆனால் நோய் நெஞ்சைத் தாண்டிப் போகாதவரை குணப்படுத்தும் நோக்கத்தோடே சிகிச்சை தரலாம்: கதிர்வீச்சும் கீமோதெரபியும். சரி, ஒன்று முடிந்தபின் மற்றொன்று கொடுத்தால் உடம்பு தாங்குமே, ஏன் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்?

கதிர் செல்லின் டிஎன்ஏவை அறுக்கிறது. செல் சும்மா இருப்பதில்லை, சில மணி நேரத்தில் அறுந்ததை ஒட்டவைக்கப் பார்க்கும். சிஸ்பிளாட்டின் என்ற மருந்து டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு அந்த ஒட்டுவேலையைக் கெடுக்கிறது. பக்லிடாக்சல் என்ற இன்னொரு மருந்தின் வழி வேறு. செல் இரண்டாகப் பிரியும் தறுவாயில் அதைப் பிடித்து நிறுத்திவிடும். கதிருக்குச் செல் எளிதில் மடிவதும் அந்தத் தறுவாயில்தான். மருந்து உடம்பில் இருக்கும்போது கதிர் விழுந்தால்தான் இந்தக் கூட்டு வேலை நடக்கும். அதோடு, கதிர் படாத இடத்துக்கு நழுவிய செல்களையும் மருந்து ரத்தத்தின் வழியே தேடிப்போகிறது.

நுரையீரல் புற்றில் அதிகம் காணப்படும் 'சிறுசெல் அல்லாத' வகையில் இப்படிச் சேர்த்துக் கொடுத்த சோதனைகளை 2010-இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்ததோடு ஒப்பிட்டால், ஐந்தாண்டு பிழைத்திருந்தவர்கள் 10.6 சதவீதத்திலிருந்து 15.1 ஆகியிருந்தார்கள். இலவசமாக அல்ல. உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணாவது 4 சதவீதத்திலிருந்து 18-க்கு ஏறியது. தண்ணீர் விழுங்கவே வலிக்கும். சில மாதம் கழித்து நுரையீரல் அழற்சியும் வரலாம், வறட்டு இருமலும் மூச்சுத்திணறலுமாக.

கதிரின் வழக்கமான அளவு நாளுக்கு 2 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு), வாரத்தில் 5 நாள், 6 வாரத்தில் 60 கிரே. கூட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று அமெரிக்காவில் 74 கிரே வரை போய்ப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவு எல்லோரையும் திகைக்கவைத்தது: 60 கிரே பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 28.7 மாதம், 74 பெற்றவர்களுக்கு வெறும் 20.3. கட்டிக்குப் பக்கத்திலேயே இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் விழுந்த கதிரும் ஒரு காரணம் என்று சந்தேகிக்கிறார்கள்.

கதிரைக் கூட்டிக் கிடைக்காத பலன் வேறு பக்கமிருந்து வந்தது. இந்தச் சிகிச்சை முடிந்தபின் நோயெதிர்ப்பு மருந்தான டுர்வாலுமாபை ஓராண்டு வரை தொடர்ந்தார்கள். நோயெதிர்ப்பு செல்களுக்குக் கட்டி போடும் தடையை அது நீக்குகிறது. ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள், அது கிடைக்காதவர்களில் 33.4 சதவீதம், கிடைத்தவர்களில் 42.9.